கண்ணுக்கு மறைந்தால் கடமை முடிந்ததா?

சென்ற விடுமுறையில் நண்பர்கள் நான்கு பேர் போர்ட் கிள்ளானில் ஃபெரி ஏறி, பூலாவ் கெத்தாம் போனோம். சேற்றின் மேல் கால் ஊன்றி நிற்கும் வீடுகள், கார் நுழையாத சந்துகள், எங்கும் சைக்கிள். இந்த மீனவக் கிராமத்தில் நெடுங்காலமாக வீட்டுக் கழிவு நேராகக் கீழேதான் விழும். கடல் ஏறி வந்து அதை இழுத்துக்கொண்டு போகும்.

"என்னடா இது, இவ்வளவு அசிங்கமா?" என்றான் நண்பன். நானும் தலையாட்டினேன். பொறியியல் படிக்கிறவன் அல்லவா, தீர்ப்புச் சொல்ல அவசரம்!

ஆனால் யோசித்துப் பாருங்கள். கழிவுத் தொட்டி புதைக்க அங்கே கெட்டியான நிலம் இல்லை. குழாய் போட்டால் கழிவு தானாக ஓடச் சரிவு வேண்டும். அது சமதளச் சேறு. தொட்டி வைத்தாலும் அதில் சேரும் கசடை உறிஞ்சி எடுக்கும் லாரி அந்தச் சந்துக்குள் வராது. குறை மனிதர்களிடம் மட்டும் இல்லை, நிலத்திலும் இருக்கிறது.

சரி, நம் நிலத்தில் குறை இல்லையே, நாம் எப்படி?

பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில், பந்தாய் டாலாமில், நிலத்தடியில் பெரிய சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, மேலே பூங்கா. இத்தகைய ஆலைகளில் காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றையே கழிவைத் தின்ன வைக்கிறார்கள். ஆனால் சாலையோர லோங்காங் மழைநீருக்காக வெட்டியது. அதில் ஊற்றுவது ஆலைக்குப் போகாது, ஆற்றுக்குப் போகும்.

இது எனக்குப் பாடத்தில் தெரியும். இருந்தும் போன வருடம் ஒரு கோயில் அன்னதானத்தில் அண்டா கழுவிய எண்ணெய்த் தண்ணீரை லோங்காங்கில் கொட்டியவன் நான்தான். "சேவை செய்தோம்" என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். அந்த லோங்காங் கிள்ளான் ஆற்றில் சேர்கிறது. ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு எதிரேதான் பூலாவ் கெத்தாம்! தீவுக்காரரின் அழுக்கு அவர் காலடியில் விழுகிறது, அவர் கண்ணுக்குத் தெரிகிறது. என் அழுக்கும் அவர் காலடிக்குத்தான் போகிறது. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஒரு அண்டா தண்ணீர் கடலை என்ன செய்துவிடும்?" என்று கேட்கலாம். ஒரு அண்டா ஒன்றும் செய்யாதுதான். ஆனால் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஊரே ஊற்றுகிறது.

நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுக் கழிவுநீர் விதிகளில் இரண்டு தரங்கள் உண்டு. கழிவைச் சிதைக்கும்போது நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து இழுக்கும் ஆக்சிஜனின் அளவு பி.ஓ.டி. அது கூடினால் மீனுக்கு மூச்சு முட்டும். புதிய ஆலை வெளியேற்றும் நீரில், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே என்றால் லிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் அனுமதி. மற்ற இடங்களிலும் கடலிலும் 50. நான் இதைத் தவறென்று சொல்ல வரவில்லை. பணம் அளவானது, குடிக்கிறவனைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

சட்டம், 'கீழே யார் இருக்கிறார்?' என்று பார்த்து அளவு வைக்கிறது. தர்மமும் அப்படியா பார்க்கும்? கர்மம் செய்தவனைத் தொடரும் என்று நம்புகிறவர்கள் நாம். அப்படியானால், பெறுகிறவர் யாரென்று தெரியாததால் என் பொறுப்பு குறைந்துவிடுமா? என் மனத்துக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணுக்கு மறைந்த பிறகும் அது என்னுடையதுதான்.

தாத்தாவின் அஸ்தியைக் கிள்ளான் பக்கம் கடலில்தான் கரைத்தோம். அந்த நீரைப் புனிதம் என்று கும்பிட்ட கைகள்தான் அண்டாவையும் கவிழ்த்தன.

இப்போது எங்கள் குழுவில் ஒரு சின்ன மாற்றம். அண்டாவைக் கழுவும் முன் மிச்சத்தை வழித்தெடுத்து, எண்ணெயைத் தனி டின்னில் சேர்க்கிறோம். கூடுதலாக அரை மணி நேரம் ஆகிறது. பரிமாறியதோடு அன்னதானம் முடிவதில்லை நண்பர்களே. கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதும் அந்தத் தானத்தில் சேர்ந்ததுதான்.