சுவரில் ஒரு முயல்

இரு கைகளையும் பின்னி, விளக்கின் முன் நிறுத்தி, சுவரில் முயல் காட்டும் தகப்பன் தன் குழந்தையிடம் பொய் சொல்கிறானா? கேள்வி நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் இதை நம்மிடம் கேட்டவர் நகைப்பதற்காகக் கேட்கவில்லை. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னைக் கரையைக் கடந்தபோது, தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர்ப் பகுதிகளில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, பல தெருக்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. தொலைக்காட்சிகள் ஊமையாயின, கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பாட்டிமார் தம் இளமையில் கற்ற நிழல் வித்தையைத் தூசு தட்டி எடுத்தனர். அதற்குப் பின்வந்த ஞாயிறு ஒன்றில் ஓர் இளந்தாய் நம்மிடம் வந்தார். மின்சாரம் வந்ததும் தம் மூன்று வயது மகள் முயலைக் கட்டிலுக்கடியில் தேடினாளாம். "வண்டலூருக்குப் போய்விட்டது" என்று இவர் சொல்லிவைத்தாராம். "இது பாவமா, ஃபாதர்?" என்றார். எட்டாம் கட்டளையைக் கருத்தாய்ப் படித்தவர் போலும்.

முதலில் அந்த முயலைக் கவனிப்போம். இக்கலைக்கு வேண்டியவை ஒரு சுவர், ஒரு சுடர், இரு கைகள். சுடர் ஒன்றாக இருப்பது இன்றியமையாதது. இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றினால் முயலின் அருகே மங்கலான இன்னொரு முயல் வந்து நிற்கும். நான்கடிக் குழல்விளக்கின் கீழோ முயலே பிறக்காது. ஒளி ஓரிடத்திலிருந்து வராமல் நீளம் முழுவதிலிருந்தும் வந்து நிழலின் விளிம்பைக் கரைத்துவிடும். விளக்குக்கும் சுவருக்கும் சரிபாதியில் கை நின்றால் நிழல் கையைப்போல் இரு மடங்கு. விளக்கை நெருங்கிக் கால்பங்குத் தொலைவில் நின்றால் நான்கு மடங்கு. கட்டைவிரல்களைக் கோத்து மற்ற விரல்களை அசைத்தால் பறவை. நடுவிரலும் மோதிரவிரலும் கட்டைவிரல் நுனியைத் தொட, சுட்டுவிரலும் சுண்டுவிரலும் நிமிர்ந்து நின்றால் மான். 1937 முதல் தாம்பரத்தில் இருந்துவரும் கிறித்தவக் கல்லூரியின் வளாகத்தில் புள்ளிமான்களைக் கண்டிருக்கும் பிள்ளைகள் இதை உடனே இனங்காண்கின்றனர். இலண்டனில் ஹென்றி பர்சில் என்பவர் 1859இல் இத்தகைய உருவங்களைப் படமாக வரைந்து நூலாகவே வெளியிட்டார். இன்று கைப்பேசியின் விளக்கைக் கொண்டும் செய்கிறார்கள். நிழல் கூர்மையாக விழுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் மெழுகுச் சுடர் காற்றில் நடுங்கும்போது முயல் மூச்சு விடுகிறதே, அது கைப்பேசியில் வாய்ப்பதில்லை.

கட்டிலுக்கடியில் தேடிய சிறுமியை நாம் எள்ளி நகையாட வேண்டாம். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே, நிழல் எங்கிருந்து வருகிறது என்று குழந்தைகளையே கேட்டு, அவர்களின் விடைகளை 1927இல் வெளிவந்த நூலொன்றில் ஆராய்ந்தார். 5 வயதளவில் நிழல் என்பது அவர்களுக்கு ஒரு பொருளாகவே இருக்கிறது. இரவிலிருந்தும் மரத்தடியிலிருந்தும்கூட அது வந்து சேரக்கூடும். ஒளி தடைபடுவதால் நிழல் விழுகிறது என்று தெளிவாகச் சொல்ல 8, 9 வயதாகிறது. ஆக, அந்தச் சிறுமி நம்பியது உண்மை. நம்பவைத்தவர் பொய்யரா என்பதே கேள்வி.

புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றித் தனி நூல் எழுதியவர். இப்பொருளில் மிகவும் கண்டிப்பானவர். நன்மையை நாடிச் சொல்லும் பொய்யையும் அவர் ஏற்பதில்லை. எனினும் விளையாட்டுப் பேச்சை அவர் அக்கணக்கில் சேர்க்கவில்லை. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பதைப் பேசுவோரின் குரலே காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பார். புனித தோமா அக்குவினா இன்னும் இறுக்கமாக, விளையாட்டாகச் சொல்லும் பொய்யையும் பொய்யின் வகைகளுள் ஒன்றாக வைத்தார். ஆனால் எம்மாவு செல்லும் வழியில் உயிர்த்த ஆண்டவர் அப்பால் போகிறவர்போலக் காட்டிக்கொண்டதைப் பற்றிய கேள்வி எழும்போது, அவரும் அகுஸ்தினாரையே துணைக்கழைத்து, ஓர் உண்மையைச் சுட்டிநிற்கும் புனைவு பொய்யாகாது என்று விளக்குகிறார். குருமட வகுப்பறையில் வறண்டு கிடக்கும் இந்தப் பாகுபாடு மெழுகுவர்த்தியின் முன்னே உயிர் பெறுகிறது.

பிளேட்டோவின் குகையை வாசகர் பலர் அறிவர். அங்கே கட்டுண்டவர்கள் வாழ்நாளெல்லாம் சுவரில் விழும் நிழல்களையே மெய்யென்று கொள்கின்றனர். அவர்களைச் சிறைப்படுத்துவது நிழலன்று. தலையைத் திருப்ப விடாத விலங்கு. நம் வீட்டுக் குழந்தையின் கழுத்தில் விலங்கு இல்லை. முதல் நாள் முயலைப் பார்க்கிறது. இரண்டாம் நாள் திரும்பிக் கையைப் பார்க்கிறது. மூன்றாம் நாள் "எனக்கும் சொல்லிக் கொடு" என்று மடியில் ஏறுகிறது. கற்றுக்கொண்ட பின் அதன் முயல் செத்துப்போவதில்லை. தன் குட்டிக் கைகளால், காது ஒன்று மடங்கிய இன்னொரு முயலை அது செய்கிறது. பொய்யின் நிலை அப்படியன்று. செய்யும் விதத்தை ஏமாந்தவருக்குக் கற்றுக்கொடுத்த கணமே பொய் இறந்துபோகும். கற்றுக்கொடுக்கக் கூடியதா என்று கேட்டுப் பார்ப்பதைவிட நல்ல உரைகல் நமக்குத் தோன்றவில்லை.

பாலக்காட்டுப் பகுதியில், பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில், கம்பராமாயணத்தைத் தோற்பாவைகளின் நிழலால் ஆடிக்காட்டும் புலவர்கள், எதிரே ஓர் ஆளும் இல்லாத இரவிலும் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. தேவியே காண்கிறாள் என்பது அவர்கள் மரபு. ஏமாறுவதற்கு எவருமே இல்லாத இடத்தில் நடக்கும் நிழலாட்டத்தை ஏமாற்று என்று யார் சொல்வார்?

எனவே வண்டலூருக்குப் போன முயல் நம்மைக் கவலைப்படுத்தவில்லை. அது எப்படி வருகிறது என்று மகள் மெய்யாகவே கேட்கும் நாளில் கையைக் காட்டினால் போதும் என்று அத்தாயிடம் சொன்னோம். அவள் கேட்குமுன்பே "அது வெறும் கைதான்" என்று முந்திக்கொண்டு சொல்லும் அறிவாளித் தந்தையரும் உளர். அவர்கள் உண்மைக்கு அப்படியொன்றும் பெருந்தொண்டு செய்துவிடுவதில்லை.

நம்மைக் கவலைப்படுத்துவது வேறு. அதே கைகள் மறுநாள் பூச்சாண்டியும் செய்கின்றன. சோறு உண்ணாத பிள்ளைக்காகச் சுவரில் கொம்பு முளைக்கிறது. இங்கே கை வேண்டுமென்றே மறைக்கப்படுகிறது. பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டால் காரியம் கெட்டுவிடும். இன்னும் ஒரு படி மேலே போய், "சாமி கண்ணைக் குத்தும்" என்கிறோம். இதைச் சொல்லாத வீடு நம் பங்குகளில் எத்தனை? சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடுங்கள் என்றவரை, விரலை நீட்டிக்கொண்டு இருட்டில் நிற்பவராக்கிவிடுகிறோம். 8, 9 வயதில் நிழலின் காரணம் புரியும்போது, கண்ணைக் குத்த எவரும் வரவில்லை என்பதும் புரிந்துவிடுகிறது. பூச்சாண்டியைக் கைவிடும் பிள்ளை, அவனோடு சேர்த்து வேறு யாரையும் கைவிட்டுவிடாது என்பதற்கு என்ன உறுதி? பதினைந்து வயதில் கோயிலுக்கு வர மறுக்கிறான் என்று பெற்றோர் நம்மிடம் முறையிடும்போதெல்லாம், அவன் மறுப்பது யாரை என்று கேட்கத் தோன்றுகிறது.

அன்பினால் சொல்லப்படுவனவே இன்னும் கடினமானவை. நாம் அறிந்த இல்லம் ஒன்றில் தாத்தா இறந்தபோது, ஐந்து வயதுப் பேரனிடம், "தாத்தா திருநெல்வேலிக்கு ரயிலில் போயிருக்கிறார்" என்று சொல்லிவிட்டார்கள். அடக்கத்தின்போது அவனை அடுத்த தெருவில் வைத்திருந்தார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை; அழுதுகொண்டிருந்தவர்களுக்கு அந்நேரம் வாயில் வந்தது அதுதான். சிறுவனிடம் எல்லாவற்றையும் அன்றே விளக்கியிருக்க வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் தென்மாவட்ட வண்டிகள் தாம்பரத்தில் நின்று செல்பவை. நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் பையன் நடைமேம்பாலத்தில் நின்றுவிடுவான். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பான். இது ஏறக்குறைய இரண்டு மாதம் நடந்தது.

நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளன்று, அவனுக்குச் சுவரில் மானும் பறவையும் காட்டிய பாட்டியே அவன் கையைப் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்து வந்தார். மந்திரிப்பதற்காக நாமும் அவ்வரிசையில் வந்துகொண்டிருந்தோம். சிலுவையில் எழுதியிருந்த பெயரை அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். தாத்தா செத்துப்போய்விட்டார், இங்கேதான் அடக்கம் செய்தோம், ஆண்டவரிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்று பாட்டி சொன்னார். அவன் அழவில்லை. மெழுகுவர்த்திகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான்.

"அப்ப ரயில்ல யாரு போனாங்க?"

"யாரும் போகலைப்பா" என்றார் பாட்டி.