குற்றவியல் படிக்க நினைக்கிற பிள்ளைக்கு

விராலிமலையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால், நர்சிங், பி.காம்., இல்லையென்றால் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஏதாவது ஒரு கம்பெனி என்று பதில் வரும். இந்த வருஷம் என் அக்கா மகள் கிரிமினாலஜி என்றாள். வீட்டில் யாரும் அதை ஒரு படிப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "போலீஸாகணும்னா தினம் கிரவுண்டுல ஓடு. அதுக்கு எதுக்குக் காலேஜ்?" என்றார் மச்சான்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எஸ்.ஐ. ஆக ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், அவ்வளவுதான். டி.எஸ்.பி. பதவிக்கான குரூப் 1 தேர்வும் ஐ.பி.எஸ். தேர்வும் அப்படியே. தமிழ் படித்தவரும் வேதியியல் படித்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். காக்கிச் சட்டை ஒன்றே குறி என்றால் இந்தப் பட்டம் கட்டாயமில்லை. சேர்க்கிற அன்றைக்கே பிள்ளையிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ஓடத் தெரிந்தால் போதுமா? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போகப்பட்டு, சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அவர்களை அடித்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களும் ஓட்டத்தில் தேறி வந்தவர்கள்தான். அதே நிலையத்தில் தலைமைக் காவலராக இருந்த ரேவதி, அன்றிரவு பார்த்ததை விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் துணிந்து சொன்னார். அந்தத் துணிவை எந்த உடற்தகுதித் தேர்வும் அளப்பதில்லை.

எங்கள் மாவட்டத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. முத்துக்காடு ஊராட்சியில் இறையூரை ஒட்டிய வேங்கைவயல். 2022 டிசம்பரில் அங்கே பட்டியல் சாதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போக, தண்ணீர்மேல் சந்தேகம் வந்து மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். பத்தாயிரம் லிட்டர் குடிநீர்த் தொட்டிக்குள் மனித மலம் கிடந்தது. விசாரிக்க வந்த ஆட்சியர் கண்ணில் டீக்கடையின் இரட்டைக் குவளையும், அந்த மக்களுக்குத் திறக்காத கோயில் கதவும் பட்டன. 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. டி.என்.ஏ. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள், உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைத்தது. இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை அதே ஊரைச் சேர்ந்த மூன்று பேர்மீது குற்றம் சாட்டியது. ஊர்க்காரர்கள் அதை ஏற்கவில்லை.

யார் செய்தது என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை, என் வேலையல்ல. நான் யோசிப்பது வேறு. அந்தத் தொட்டித் தண்ணீரை யார், எப்போது, எந்த பாட்டிலில் பிடித்து, எப்படி முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்? அந்தத் தண்ணீரையே குடித்துவிட்டு நிற்கிற மனிதனிடம், அவனைச் சந்தேகப்படுவது போலத் தோன்றாமல் எப்படிக் கேள்வி கேட்பது? தெருவுக்குத் தெரு சாதி பிரிந்து கிடக்கிற ஊரில் சாட்சி சொல்ல வருகிறவருக்கு என்ன பாதுகாப்பு? தடயவியல், உளவியல், சமூகவியல், சட்டம் நாலும் ஒரே தொட்டியடியில் வந்து நிற்கின்றன. குற்றவியல் என்ற படிப்பு இதற்குத்தான்.

வேலையே இல்லை என்பதும் சரியல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் என்கிறது. இதற்குத் தயாராக மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு வரை அவகாசம். இன்றைக்குக் கல்லூரியில் சேர்கிற பிள்ளை படித்து முடித்து வெளியே வருகிற காலம் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அந்த நாற்காலிக்கு வேதியியல், உயிரியல் மாதிரி அறிவியல் பட்டம் அடித்தளமாக வேண்டும். கலைப்பிரிவில் குற்றவியல் படித்துவிட்டு ஆய்வகத்துக்குப் போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள்.

எனக்கு மிகவும் பெரியதாகத் தெரிகிற வேலை யார் கண்ணிலும் படாதது. புதுக்கோட்டையில் பார்ஸ்டல் பள்ளி இருக்கிறது. இருபத்தொரு வயதுக்குள் தப்பு செய்து மாட்டிக்கொண்ட பையன்களைப் பழைய கைதிகளோடு சேர்த்து அடைக்கக் கூடாது என்பதற்காக, சென்னை மாகாணத்தில் 1925-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. நன்னடத்தைச் சட்டத்தையும் நாடு முழுக்க 1958-இல் கொண்டுவருவதற்கு முன்பே, 1936-இல் சென்னை மாகாணம் தனக்கென்று போட்டுக்கொண்டது. அந்தச் சட்டத்தின் கால்கள் நன்னடத்தை அலுவலர்கள். முதல் தடவை தப்பு செய்தவனின் வீட்டுக்குப் போய், அம்மாவிடம் பேசி, வேலை பார்த்த இடத்தில் விசாரித்து, இவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் திருத்த முடியுமா என்று அவர்கள் எழுதுகிற அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் மாஜிஸ்திரேட் முடிவெடுப்பார். ஒரு பையனின் மிச்ச வாழ்க்கை சில பக்கங்களில் இருக்கிறது. அதை எழுதுகிறவருக்கு மனிதர்களைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே படிப்பது? சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்கென்றே துறைகள் இருக்கின்றன. இளநிலையில் சில கல்லூரிகளில்தான் கிடைக்கிறது. அப்படி ஒன்றில் சேர்வதாக இருந்தால், கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கும் களப்பயிற்சிக்கு அனுப்புகிறார்களா என்று சீனியர்களிடம் கேளுங்கள். வகுப்பறையோடு முடிகிற குற்றவியலால் பயனில்லை. என் அபிப்பிராயம்: நல்ல கல்லூரி எட்டுகிற தூரத்தில் இல்லையென்றால், இளநிலையில் சட்டமோ உளவியலோ சமூகப்பணியோ அறிவியலோ படித்துவிட்டுக் குற்றவியலை முதுநிலையில் எடுப்பது நல்லது. சட்டம் என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திருச்சி பக்கம். அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. நாவலூர் குட்டப்பட்டில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கு கிளாட் தேர்வு எழுத வேண்டும்.

இதெல்லாம் சொல்லியும் அவள் முகத்தில் தெளிவில்லை. ஒரு நாள் புதுக்கோட்டைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். டவாலி பெயரைக் கூப்பிடுகிறார், வராந்தாவிலிருந்து ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி வருகிறார், குமாஸ்தா கட்டை நீட்டுகிறார், வாய்தா தேதி விழுகிறது. அடுத்த பெயர். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே ஒரு பையன் வந்தான், மீசை இன்னும் முழுசாக முளைக்கவில்லை. வாசலில் வயர்கூடையோடு நின்ற அம்மா எட்டி எட்டிப் பார்த்தாள். ரிமாண்ட் நீட்டிப்பு, அவ்வளவுதான். அவன் திரும்பிப் போகும்போது கூடையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். ஒரு போலீஸ்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வாங்கிக்கொடுத்தார்.

"மாமா, அந்தப் பையன் என்ன செஞ்சான்னு யாருமே சொல்லலையே" என்றாள்.

நாட்டின் சிறைகளில் 2022 கடைசியில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் இப்படித் தீர்ப்பு வராமல் காத்திருந்த விசாரணைக் கைதிகள் என்று அவளிடம் சொன்னேன். பஸ் ஏறும் வரை அதைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். ஜாமீன் கிடைத்தும் ஏன் வெளியே வர முடியவில்லை, ஜாமீன்தாரர் கிடைக்காதவன் என்ன செய்வான், இலவச சட்ட உதவி என்று ஒன்று இருக்கிறதே அது ஏன் அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்ட பிறகு அவள் இந்தப் படிப்புக்குத் தகுதியானவள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தக் கதவு வழியாக நுழைவது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இதையே கேட்டால், சிரித்துத் தள்ளாதீர்கள், உடனே பணமும் கட்டாதீர்கள். விண்ணப்பம் போடும் முன் ஒரு வேலைநாளில் பக்கத்து ஊர்க் கோர்ட்டுக்குக் கூட்டிப்போங்கள். காலை பத்தரை மணிக்குக் கூடும். பாலியல் வழக்கு போன்ற சிலவற்றைத் தவிர, விசாரணை எல்லோருக்கும் திறந்ததுதான். பின்னால் உட்கார்ந்து பார்க்க எந்தச் சிபாரிசும் வேண்டாம்.