அச்சம் நீக்கும் ஆசான்

நோய் தீர்க்கும் பணியில் பங்கு கொள்வோர் யாவர் எனக் கேட்டால், மருத்துவரையும் மருந்தையும் நாம் உடனே நினைவு கூர்கிறோம். திருக்குறளின் மருந்து அதிகாரமோ நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணி செய்பவரையும் சேர்த்து மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்திருக்கிறது. அந்த நான்காம் கூறே இன்று செவிலியர் பணியாக வளர்ந்து நிற்கிறது. 1860-இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் தம் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அக்காலம் முதல் இப்பணி வகுப்பறையில் மட்டுமன்றி நோயாளியின் கட்டிலருகிலும் முறையாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. அவ்வாறு வார்டில் உடனிருந்து கற்பிப்பவரைச் செவிலியர் கல்லூரிகளில் 'கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்' என்று அழைக்கின்றனர். அத்தகைய பயிற்றாசிரியருள் சிறந்தவர் யார் என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் பொருள்.

கல்வித் துறையினர் மட்டும் ஆராய வேண்டிய கேள்வி என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. தச்சுத் தொழில் பயிலும் சிறுவனின் கை தவறினால் பலகை கெடும். வேறு பலகை எடுத்துக்கொள்ளலாம். செவிலிய மாணவியின் கை தவறினால் நோவது ஓர் உயிர். பொம்மை உடலில் எத்தனை முறை பழகினாலும், முதன்முதலாக ஒரு மனித உடலில் ஊசி போடும் நாள் வந்தே தீரும். அந்த நாள் வேண்டாம் என்று தள்ளினால் நாளைய நோயாளிகளுக்குச் செவிலியர் இல்லை. ஏற்றுக்கொண்டாலோ, இன்றைய நோயாளி ஒருவர் மாணவியின் பழக்கமின்மையைத் தம் உடலில் தாங்க வேண்டியிருக்கிறது. இவ்விருவருக்கும் இடையே நின்று இருவருக்கும் நீதி செய்ய வேண்டியவர் பயிற்றாசிரியர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரு செறிவுகளில் கிடைக்கிறது. ஒன்றில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட். மற்றொன்றில் 100 யூனிட். முன்னதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, பின்னதற்குரியது ஆரஞ்சு. 16 யூனிட் போட வேண்டிய நோயாளிக்கு, மாணவி ஒருத்தி 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 16 என்னும் கோடு வரை எடுத்துப் போட்டுவிட்டதாகக் கொள்வோம். உள்ளே சென்றது 40 யூனிட், இரண்டரை மடங்கு. சற்று நேரம் கழித்து மருந்துத் தட்டை ஒழுங்கு செய்யும்போது அவள் தன் பிழையைக் கண்டுகொள்கிறாள். அவளைத் தவிர வேறெவருக்கும் அது தெரியாது. உடனே சொன்னால், இரத்தச் சர்க்கரையை அடிக்கடி சோதித்து, உணவோ குளுக்கோஸோ கொடுத்து நோயாளியைக் காக்க முடியும். சொல்லாமல் விட்டால், வியர்வையும் நடுக்கமும் தோன்றி, நினைவிழந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம்.

அந்த வேளையில் அவள் வாய் திறப்பாளா? இதற்கு முன் சிறு பிழைகளை அவள் கூறியபோது ஆசிரியர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதைப் பொறுத்தது அது. நோயாளிகளும் உடன் பயில்வோரும் பார்க்க அவளை இகழ்ந்திருந்தால், வாய்மை குறித்து எத்தனை அறிவுரை கேட்டிருந்தாலும் அவளுக்கு நா எழாது. "சொன்னது நன்று, முதலில் நோயாளியைக் கவனிப்போம், பிறகு நாம் பேசுவோம்" என்று முன்னொரு நாள் கூறிய ஆசிரியரிடமோ அவள் ஓடியே வருவாள். ஆகவே, தன் பிழையைத் தானே சொல்லும் துணிவை மாணவியிடம் வளர்ப்பவரே சிறந்த பயிற்றாசிரியர் என்பது நம் கருத்து.

அமெரிக்க நாட்டு ஆய்வு ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. ஏமி எட்மண்ட்சன் என்னும் அறிஞர் இரண்டு மருத்துவமனைகளைச் சேர்ந்த எட்டுப் பிரிவுகளில், மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996-இல் முடிவுகளை வெளியிட்டார். நல்ல தலைமையும் இணக்கமும் உள்ள பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கணக்கோ, அங்கேதான் பிழைகள் மிகுதி என்று காட்டியது. மேலும் ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. அங்குள்ள செவிலியர் பிழைகளை மறையாமல் பேசினர். தலைமைக்கு அஞ்சிய பிரிவுகளில் அவை வெளிவரவில்லை. ஏட்டில் பிழையில்லை என்பதால் வார்டில் பிழையில்லை என்று ஆகிவிடாது.

"கண்டிப்பில்லாவிட்டால் கவனம் எவ்வாறு வரும்? அச்சம் இருந்தால் அன்றோ கை நிதானிக்கும்?" என்று கேட்போர் உளர். நம் இல்லங்களிலும் பிள்ளை வளர்ப்பில் எழும் நேர்மையான கேள்வியே இது. கண்டிப்பு வேண்டும் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆயின் அச்சுறுத்தல் கண்டிப்பு ஆகாது. ஆசிரியருக்கு அஞ்சும் மாணவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நோயாளியின் முகத்தைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. ஆசிரியர் இல்லாத இரவுப் பணியில் அந்த அச்சமும் இல்லை; அதைச் சார்ந்து நின்ற கவனமும் இல்லை. நோயாளியின் பொருட்டுக் கொண்ட கவனமோ எவரும் பாராத போதும் உடனிருக்கும்.

எல்லாவற்றையும் சிரித்துப் பொறுத்துக்கொள்பவரும் சிறந்த ஆசிரியர் ஆகார். பிழையைச் சொன்ன மாணவியைப் பாராட்டிவிட்டு, அதன் காரணத்தை ஆராயாமல் விடுவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு. இரு மருந்துக் குப்பிகளும் ஒரே தட்டில் இருந்தனவா, மூடியின் நிறம் எதைக் குறிக்கிறது என்று அவள் அறிந்திருந்தாளா, வேலையை முடிக்குமாறு எவரேனும் அவசரப்படுத்தினரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அறியாமையால் வந்த பிழைக்குக் கற்பித்தல் மருந்து. பலமுறை கற்பித்தும் பொருட்படுத்தாத அசட்டைக்குத் தேர்ச்சி மறுப்பதும் மருந்தே. நாளைய நோயாளிகளுக்கு ஆசிரியர் ஆற்றும் கடமை அது.

ஆசிரியர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டியனவும் உண்டு. புதியவர் விதிகளைப் பற்றிக்கொண்டே நடப்பர் என்றும், தேர்ந்தவர் நிலைமையை முழுதாகக் கண்டுணர்வர் என்றும் பாட்ரீசியா பென்னர் 1984-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். "இதுகூடத் தெரியவில்லையா?" என்னும் கடுஞ்சொல் பெரும்பாலும் தாம் கற்ற நாட்களை மறந்ததால் வருவது. "அவர் நெற்றி வியர்த்திருப்பதைப் பார்" என்று தாம் காண்பதை வாய்விட்டுக் கூறிக் காட்டுபவர் நல்லாசிரியர். தாம் முன்பு செய்த பிழையொன்றை மாணவியர் முன் கூறுபவர் அவரினும் மேலானவர். நோயாளியிடமும் அதே உண்மை வேண்டும். "இவர் பயிலும் மாணவி, நான் அருகில் நிற்கிறேன், தங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டு, அவர் மறுத்தால் அதனை மதிக்க வேண்டும்.

நம் முன்னோர் தானங்களை உணவு, மருந்து, கல்வி, அபயம் என நான்காகக் கூறினர். கட்டிலருகே நிற்கும் இவ்வாசிரியர் மாணவியின் கை வழியே நோயாளிக்கு மருந்தையும், மாணவிக்குக் கல்வியையும் அளிக்கிறார். அபயம் சேர்ந்தாலன்றி அவ்விரண்டும் நிறைவு பெறா. உண்மையைச் சொல்வதற்கு அஞ்ச வேண்டாம் என்னும் உறுதியே இங்கு அபயம் ஆகும்.

நாமும் நம்மைச் சேர்ந்தோரும் ஒரு நாள் அந்தக் கட்டிலில் படுக்க நேரலாம். அன்று ஊசியோடு வரும் இளம் செவிலி பிழையே செய்யமாட்டாள் என்று எவராலும் உறுதி கூற இயலாது. பிழை நேர்ந்தால் உடனே சொல்பவளாக அவளை ஓர் ஆசிரியர் ஆக்கியிருக்க முடியும். நம்மாலும் அதற்குத் துணை செய்ய இயலும். குவளையை உடைத்த குழந்தை ஓடிவந்து சொல்லும்போது நாம் எந்த முகத்தைக் காட்டுகிறோம் என்பதிலிருந்தே அப்பயிற்சி தொடங்கிவிடுகிறது.