இரத்தம் சிந்தாத வேட்டை

துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவைத் தூக்கியவன் உயிர்களுக்குத் தீங்கிழைக்காதவன் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். இரத்தம் சிந்தாத வேட்டையில் குற்றம் ஏது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான், விடை அத்தனை எளிதன்று.

சித்திரை வைகாசியில், மூடா ஆற்றுக்குத் தெற்கேயுள்ள பெனாகாவில் நீலவால் பஞ்சுருட்டான்கள் மணலில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன. சுங்கை பட்டாணியிலிருந்தும் கூலிமிலிருந்தும் காமிராவுடன் அங்கே செல்லும் அன்பர்கள் உண்டு. அலகில் தும்பியைக் கவ்விவந்த பறவை, வளைவாயிலில் மனிதன் குந்தியிருக்கக் கண்டால் உள்ளே புகத் தயங்கும். எட்ட அமர்ந்து காத்திருக்கும். அவன் அகலும் வரை குஞ்சுக்கு இரையில்லை. செக்ரோல் எழுதிப் பழகிய நமக்கு இது கணக்காகவே தோன்றுகிறது. ஒருவர் அரைமணி நேரம் இருந்தால், பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராக வர ஐந்து மணியாகும். அந்தப் பற்றை யார் பேரில் எழுதுவது? படத்தைப் பார்த்து மெச்சுவோர் கண்ணில் பசித்த குஞ்சு படுவதேயில்லை!

1937இல் எரிக் ஹாஸ்கிங் என்ற ஆங்கிலப் படக்காரர், கூடருகே சென்றபோது ஆந்தை தாக்கி ஒரு கண்ணை இழந்தார். ஆந்தைக்குப் பேச்சு வாய்த்திருந்தால் வாயால் மறுத்திருக்கும். வாய்க்காமையால் நகத்தால் மறுத்தது. பஞ்சுருட்டானுக்கோ அந்த நகமும் இல்லை.

ஆயின் படமே கூடாதென்பீரோ எனின், அது நம் கட்சியன்று. கூகை அலறினால் சாவு வரும் என்று கல்லெறிந்தோர் நம் தோட்டங்களில் இருந்தனர். அதே கூகைக்கு இன்று செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைக்கின்றனர். எலி பழக்குலைகளைத் தின்று அழிக்கிறது, கூகை எலியைத் தின்கிறது. எலியைக் கவ்விய கூகையின் படமொன்று, பத்துச் சொற்பொழிவுகள் போக்காத அச்சத்தைப் போக்கக்கூடும். மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்து, 1950 முதல் 1996இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் அவற்றைப் பற்றி எழுதிவந்தார். அப்படங்களால் பிறர் அறிவு பெற்றனர். பிறர் அறிய எடுக்கும் படத்துக்கும், நண்பர் எடுத்துவிட்டாரே என்று நாமும் எடுக்கும் படத்துக்கும் பறவை தரும் விலை ஒன்றுதான்; வரவில்தான் வேறுபாடு.

தூரத்திலிருந்து எடுக்கும் நீண்ட லென்சு கிராணிச் சம்பளத்துக்கு எட்டாது என்று அன்பரொருவர் நம்மிடம் முறையிட்டார். மெய்யே. எட்டாவிடில், பறவை படத்தில் கடுகளவாகவே விழட்டும்.