அறுபது வயதுக்காரனின் முழங்கால்

என் மடிக்கணினியில் ‘2057’ என்ற பெயரில் ஓர் எக்செல் கோப்பு இருக்கிறது. அந்த ஆண்டு எனக்கு அறுபது வயதாகும். மலேசியாவில் தனியார் துறைக்கு அறுபதுதான் குறைந்தபட்ச ஓய்வு வயது. 2013இல் நடைமுறைக்கு வந்தது. வேலையை விட்ட மறுவாரமே கிளம்புவதாகத் திட்டம். மான்செஸ்டரில் இறங்கி, லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள், செட்டிலிலிருந்து கார்லைல் வரை ரயில், பிறகு ஹாட்ரியன் சுவர், அங்கிருந்து எல்லை தாண்டி ஸ்காட்லாந்தின் கிராமங்கள். ஆறு வாரம். எங்கே பஸ், எங்கே நடை, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரிசை வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறேன். நண்பர்கள் சிரிப்பார்கள். சைட் எஞ்சினியர் வேற எப்படி இருப்பான்?

வேடிக்கையாகத் தொடங்கிய கோப்புதான். ஆனால் அதைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. முப்பது வருடம் கழித்து அந்த மலையில் நடக்கப்போகிறவர் யார்? அவர் சார்பில் முடிவெடுக்க எனக்கு என்ன உரிமை?

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த டெரெக் பார்ஃபிட் என்ற தத்துவவாதி இதை விடாமல் யோசித்தவர். 1984இல் வந்த ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ என்ற அவருடைய நூலில் புகைபிடிக்கத் தொடங்கும் ஒரு பையன் வருவான். வயதானபின் தனக்கு என்ன ஆகும் என்ற கவலை அவனுக்கு இல்லை. அதை வெறும் முட்டாள்தனம் என்று நாம் விட்டுவிடுவோம். பார்ஃபிட் விடவில்லை. அந்த எதிர்கால மனிதனை இன்னொரு ஆளைப் போலப் பார்த்தால், இந்தப் பையன் செய்வது இன்னொருவருக்குச் செய்யும் தீங்காகிவிடுகிறது என்கிறார். தன்னைக் கெடுத்துக்கொள்வதும் அறப்பிழைதான்.

நம் சேமநிதி வாரியம் பார்ஃபிட்டைப் படித்ததா என்று தெரியாது. ஆனால் 2024 மே மாதம் அது செய்தது அச்சு அசல் இதே வேலை. 55 வயதுக்குட்பட்டவரின் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கு, 15 நல்வாழ்வுக் கணக்குக்கு, 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்கு. என் சேமிப்பில் முக்கால் பங்கு நான் இன்னும் பார்த்திராத ஒரு பெரியவருக்குச் சொந்தம் என்று சட்டமே சொல்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அந்தப் பெரியவருக்குச் சோறும் மருந்தும் வேண்டும். கொடுத்துத்தான் ஆகணும்.

இடிப்பது வேறு இடத்தில். பணத்தைக் கொடுப்பதோடு நான் நிற்கவில்லை, என் ஆசையையும் அவர் தலையில் கட்டுகிறேன். அவருக்கு மலை பிடிக்குமா? மழையில் நனைவது பிடிக்குமா? நான் தைப்பிங்கில் வளர்ந்தவன், மழை எனக்கு உறவுக்காரன் மாதிரி. லேக் டிஸ்ட்ரிக்டில் சீத்வெய்ட் என்று ஒரு குக்கிராமம் உண்டு. இங்கிலாந்தில் ஆட்கள் குடியிருக்கும் இடங்களிலேயே அதிக மழை அங்கேதான், ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல். படித்தவுடனே அந்த ஊரைக் கோப்பில் சேர்த்தேன். மூட்டுவலியுள்ள ஒருவர் அதே வரியைப் படித்தால் ஊரை அடித்துவிடுவார்.

கட்டுமான அட்டவணையில் ‘ஃப்ளோட்’ என்று ஒன்று உண்டு. மொத்தத் திட்டமும் தாமதமாகாமல் ஒரு வேலையை எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்ற கணக்கு. சில வேலைகளுக்கு இருபது நாள் ஃப்ளோட் இருக்கும், சிலவற்றுக்குப் பூஜ்யம். பணத்துக்கு ஃப்ளோட் உண்டு. போட்டு வைத்தால் வளரவும் செய்யும். முழங்காலுக்குக் கிடையாது. கண்ணுக்கும் கிடையாது.

கண் என்றதும் ஆல்ஃபிரட் வெய்ன்ரைட் நினைவுக்கு வருகிறார். வட இங்கிலாந்து மலைகளைப் பற்றி யார் பேசினாலும் இவரிடம்தான் வந்து நிற்பார்கள். 1907இல் பிளாக்பர்ன் என்ற பஞ்சாலை நகரத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு, நகராட்சியின் பொறியியல் பிரிவில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். இருபத்துமூன்றாவது வயதில் வின்டர்மியருக்கு அருகே ஒரு சிறு குன்றில் ஏறி முதன்முறையாக அந்த ஏரிகளையும் மலைகளையும் பார்த்தார். அத்தோடு ஆள் மாறிப்போனார். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கெண்டல் ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்து, பிறகு அங்கே நகராட்சிப் பொருளாளர் ஆனார்.

1952 நவம்பர் 9 இரவு அவர் ஒரு பக்கம் எழுதினார். 214 மலைகளையும் ஏறி, ஒவ்வொன்றுக்கும் வரைபடமும் கோட்டோவியமும் குறிப்பும் தன் கையாலேயே எழுதி வரைந்து, ஏழு புத்தகங்களாக்குவது என்று திட்டம். பதின்மூன்று ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட்டார். கார் கிடையாது. வார இறுதியில் பஸ் பிடித்துப் போவார், மலையேறுவார், கடைசி பஸ்ஸுக்குத் திரும்பி வருவார். வார நாட்களில் அலுவலகம், இரவில் எழுத்து. குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே முடித்தார்! இப்படி ஒரு அட்டவணை எங்கள் துறையில் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவர் ஓய்வுக்குக் காத்திருந்தால் 1967இல்தான் தொடங்கியிருக்க முடியும். முதுமையில் அவருடைய பார்வை மங்கிப்போனது, வரைய முடியவில்லை. 1991இல் இறந்தபின் அவர் சாம்பலை அவருக்குப் பிடித்த ஹேஸ்டாக்ஸ் மலையில் தூவினார்கள்.

இதோடு நிறுத்தினால் ‘இன்றே செய், நன்றே செய்’ என்று எழுதிய போஸ்டர் மாதிரி ஆகிவிடும். வெய்ன்ரைட்டுக்கு ஒரு மனைவி இருந்தார், பெயர் ரூத். ஒரு மகனும் உண்டு. அந்தப் பதின்மூன்று வருட வார இறுதிகளும் இரவுகளும் அவர்களுடைய கணக்கிலிருந்தும் எடுக்கப்பட்டவைதான். வெய்ன்ரைட் ஓய்வு பெறும் தறுவாயில் ரூத் வீட்டை விட்டுப் போய்விட்டார். அந்த ஏழு புத்தகங்களை நேசிப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், நானும் ஒருவன். என்றாலும் அவற்றின் விலையை எழுதும்போது ரூத்தின் பெயரையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். ஆசையைத் தள்ளிப்போட்டால் அந்தக் கிழவர் தலையில் விழுகிறது. தள்ளிப்போடாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் தலையில். யாராவது ஒருவர் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

நம் நீதிநூல்கள் இதற்கு அதிகம் உதவவில்லை. அறத்தைத் தள்ளிப்போடாதே என்று குறள் தெளிவாகச் சொல்கிறது. இளமை நிலைக்காது என்று நாலடியாரில் ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் அவசரப்படுத்துவது எல்லாம் நல்வினைக்குத்தான், ஊர் சுற்றுவதற்கு இல்லை! பயணத்தைக் கடைசிக்கு வைப்பது நமக்குப் பழக்கமும்கூட. கடமையெல்லாம் முடித்துவிட்டுக் காசிக்குப் போவார்கள். திருமணத்தில் மாப்பிள்ளை குடையோடு காசி யாத்திரை கிளம்பினால் பாதி வழியிலேயே மடக்கிக் கூட்டி வந்துவிடுவார்கள்.

நாம்தான் காத்திருக்கிறோம், இடம் அங்கேயே இருக்கும் என்று ஒரு நினைப்பு. கி.பி. 122இல் கட்டத் தொடங்கிய ஹாட்ரியன் சுவர், ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடம் நின்றிருக்கிறது, எனக்காக இன்னும் முப்பது வருடம் நிற்காதா? நிற்கும். ஆனால் அந்தச் சுவரோரப் பள்ளத்தில் தனியாக நின்ற சிக்கமோர் மரத்தை 2023 செப்டம்பரில் ஓர் இரவில் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு அடிமரத்தில் தளிர் விட்டது என்று செய்தி வந்தது. 2057இல் அது எவ்வளவு உயரம் இருக்குமோ. செட்டில்–கார்லைல் ரயிலையும் 1980களில் மூடப் பார்த்தார்கள். ரிபிள்ஹெட்டில் இருபத்துநான்கு வளைவுகளோடு நிற்கும் பாலத்தைப் பழுதுபார்க்க ஆகும் செலவைத்தான் பெரிய காரணமாகச் சொன்னார்கள். மக்கள் விடாமல் போராடியதில் 1989இல் தப்பியது.

அந்த நாட்டுப்புறத்தை ஓய்வுபெற்றவர்களின் இடம் என்று நினைப்பதே எனக்கு இப்போது இடறுகிறது. மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளர்கள் 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை, கின்டர் ஸ்கவுட் மேட்டில் கூட்டமாக அத்துமீறி ஏறினார்கள். அது நிலக்கிழாரின் வேட்டை நிலம். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது இருபது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். ஆறு நாள் ஆலையில் நின்றவர்களுக்கு ஏழாவது நாள் காற்று வேண்டியிருந்தது. அறுபது வயதில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அறுபதைப் பார்ப்போமா என்பதே அவர்களில் பலருக்கு உறுதியில்லை.

இந்த யோசனையில் எனக்குக் கடைசியாகத் தட்டுப்பட்டது மிகச் சாதாரணமான ஒன்று. நான் ‘பிற்காலம்’ என்று பெட்டி போட்டு வைத்திருப்பது அம்மாவுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. அவருக்கு ஐம்பத்தெட்டு. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறார். 2057இல் நான் அந்த மலையில் நிற்பேனோ மாட்டேனோ, அம்மா நிற்க மாட்டார்.

ஆனால் இங்கேயும் அதே வலை. முகம் தெரியாத கிழவருக்கு என் ஆசையைத் திணிக்கக் கூடாது என்றால் அம்மாவுக்கு மட்டும் திணிக்கலாமா? எனவே கேட்டேன். வெய்ன்ரைட், ராத்மன் எல்லாம் சொல்லவில்லை. குளிர் நாடு, மலை, ஆடு, ரயில் என்று மட்டும் சொன்னேன். நெகிழ்வுக் கணக்கில் இருப்பதோடு கொஞ்சம் போட்டால் பத்து நாளைக்கு வரும் என்றேன்.

“மலையெல்லாம் ஏறச் சொல்லாதடா. இங்க பின்னாடி இருக்கிற லாருட் மலையையே நான் ஏறுனது இல்ல.”

லாருட் மலை வாசஸ்தலம் இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையான 978 மீட்டர் ஸ்காஃபெல் பைக்கைவிட உயரம் என்று சொன்னேன். அது அவருக்கு வெள்ளைக்காரன் மேல் கொஞ்சம் இரக்கத்தை உண்டாக்கியது.

“அந்த ரயிலு? உக்காந்துகிட்டே பாக்கலாமா?”

“பாக்கலாம்மா. ரெண்டு மணி நேரத்துக்குள்ளதான்.”

கொஞ்ச நேரம் பேசாமல் கீரை ஆய்ந்தார். பிறகு, ரயிலில் சாப்பாடு கட்டிக்கொண்டு போக விடுவார்களா என்று கேட்டார். புளிச்சோறு என்றால் கெடாது என்று அவரே சொல்லிக்கொண்டார்.