கச்சத்தீவும் போடிமெட்டும்



தவக்காலம் நெருங்கும்போதே ராமேஸ்வரத்தில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். நம் பங்கிலும் சிலருக்கு ஆசை இருக்கிறது. தாராளமாகப் போய் வாருங்கள். யாரோடு முழந்தாள் படியிடப் போகிறோம் என்று தெரிந்து போங்கள்.

285 ஏக்கர் தீவு அது. குடியிருப்பு கிடையாது. குடிக்கத் தண்ணீரைக்கூடப் படகில்தான் கொண்டுபோக வேண்டும். 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போனது. நம் மீனவர் மனதில் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. போரால் நின்றுபோன திருவிழா 2010-ல் மறுபடி நடந்தது. முதல் நாள் கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவு தேர்பவனி. மறுநாள் காலை திருப்பலி.

இரு நாட்டிலிருந்தும் அங்கே கூடுகிறவர்களைப் பாருங்கள். நம் விசைப்படகுகளின் இழுவை மடியில் வலையைப் பறிகொடுத்த யாழ்ப்பாணத்து மீனவர் ஒருவர். கடலில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் கிடந்த நம் மீனவர் ஒருவர். சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சமாதானமாகும்படி சொன்னார் ஆண்டவர். கச்சத்தீவில் அந்தச் சகோதரன் பக்கத்திலேயே நிற்கிறான். அவனைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை! 2024-ல், சிறைப்பட்டவர்களுக்காக நம் மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். அவர்கள் வேதனையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த ஆண்டு பீடத்தின் முன் நம் இடம் காலியாகக் கிடந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. 2025-ல் மறுபடி போனார்கள், ஆண்டவருக்கு நன்றி.

அந்த மீனவர்களுக்குக் கடலில் இருப்பதுபோல, நமக்கும் மலையில் கேரளத்தோடு ஓர் எல்லை உண்டு. விடியுமுன் தூக்குச் சோற்றோடு ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போடிமெட்டு தாண்டுகிற தாய்மார்களே, 2011 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். முல்லைப்பெரியாறு அணைப் பிரச்சினையில் உயிருக்குப் பயந்து கேரளத்து ஏலத்தோட்டங்களிலிருந்து நம்மவர் இறங்கி வந்தார்கள். இங்கே நம் பள்ளத்தாக்கில் மலையாளிகளின் கடைகளும் அடித்து நொறுக்கப்பட்டன; அதையும் பீடத்தின் முன் சொல்லித்தான் ஆக வேண்டும். பிறகு அதே தோட்டங்களுக்குத் திரும்பிப் போய், ஏலச்செடியின் தூரடியில் குனிந்து விளைந்த காயைப் பார்த்துப் பார்த்துக் கிள்ளுகிறீர்கள். வயிற்றுப்பாடு இழுத்துப் போனது. மனம் போயிற்றா?

நாளை மேலே போகும்போது, இத்தனை நாள் முகம் கொடுக்காத அந்த மலையாளக் குடும்பத்திடம் நீங்களே முதலில் பேசுங்கள். இன்றைய மன்றாட்டில் இலங்கைச் சிறையில் இருக்கும் நம் மீனவரோடு, வலை அறுந்து நிற்கும் யாழ்ப்பாணத்து நெடுந்தீவு மீனவரையும் சேர்த்துக்கொள்வோம். எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.