பொறி எங்கே பிறக்கிறது?

1920-ல் ஜி.டி. நாயுடு தம் முதல் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். மோட்டார் இந்த வட்டாரத்துக்கு வந்து நூறாண்டு கடந்துவிட்டது. அம்பாசடர், பியட் போன்ற பழைய பெட்ரோல் வண்டிகளைக் கைவிடாமல் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை ஒன்று உண்டு. புது இக்னிஷன் காயில் போட்டிருப்பார்கள், குறையில்லாத காயில். டிஸ்ட்ரிபியூட்டரும் நல்ல நிலையில் இருக்கும். ஆனாலும் வண்டி மிஸ்ஸிங் அடிக்கும், அல்லது கொஞ்ச நாளில் பாயிண்ட் கருகிவிடும். இரண்டுமே நல்லவை என்றால் கெட்டது எது? பட்டறைக் கேள்வியாகத் தெரிகிற இது, நம் மரபில் ஈராயிரம் ஆண்டுகளாக வாதாடப்படும் கேள்வி. முழுமை என்று ஒன்று உண்மையிலேயே உண்டா, அல்லது பாகங்களுக்கு நாம் சூட்டும் பெயர்தானா? உண்டு என்பதே என் தரப்பு. அது பாகங்களோடு கூடுதலாக வந்து உட்காரும் இன்னொரு பொருளாக இல்லை. பாகங்களுக்கிடையிலான பொருத்தமாக இருக்கிறது. அந்தப் பொருத்தம் பாகங்கள் அளவுக்கே அசலானது.

சான்று இன்ஜினுக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் வரும் பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியின் மின்சாரம் காயிலின் முதல் சுற்றில் ஓடிக் காந்தப்புலத்தை வளர்க்கிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் அந்தப் புலம் சரிய, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து, ரோட்டார் வழியாகப் பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 பொறி வேண்டும். அதாவது ஒரு பொறிக்கு நூறில் ஒரு பங்கு நொடி. அதிலும் பாயிண்ட் மூடியிருக்கும் பகுதியில்தான் காயில் நிரம்ப வேண்டும். பழைய 12 வோல்ட் வண்டிக்கான சாதாரணக் காயிலின் முதல் சுற்றுக்கு ஏறத்தாழ 3 ஓம் தடை. 4 ஆம்பியர் ஓடும், பாயிண்ட் தாங்கும். மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பலாஸ்ட் ரெசிஸ்டரோடு சேர்த்துப் போட வேண்டிய காயிலுக்கு ஏறத்தாழ 1.5 ஓம்தான். ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் அதை மாட்டினால் 8 ஆம்பியர் பாயும். காயில் கொதிக்கும், பாயிண்ட் கருகும். மாறாக, ரெசிஸ்டர் உள்ள வண்டியில் 3 ஓம் காயிலை மாட்டினால் மின்சாரம் குறைந்து பொறி மெலியும். எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கென்று வந்த, 1 ஓமுக்கும் குறைந்த காயிலைப் பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டரோடு இணைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது ஸ்டார்ட் செய்யும் நேரம். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் இழுப்பில் பேட்டரியின் வோல்ட் இறங்கிவிடும். பலாஸ்ட் உள்ள வண்டிகள் பலவற்றில் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் நேராகக் காயிலுக்குப் போகிறது. குளிர்ந்த இன்ஜினை எழுப்புவது அதுதான். அதே நேர் இணைப்பு வண்டி ஓடும்போதும் நீடித்தால் காயில் கெடும். ஒரே காயில், ஒரே கம்பி. நொடிகள் மாறுவதில் நன்மை தீமையாகிவிடுகிறது. பாயிண்டோடு இணைந்த கண்டென்சர் சொல்வதும் இதையே. அதன் அளவு காயிலுக்கு ஒவ்வாவிட்டால் பாயிண்டின் ஒரு முகத்தில் குழி விழும், மறுமுகத்தில் உலோகம் மேடாகும். தனித்தனியே சோதித்தால் பழுது எதிலும் இராது. ஆனால் பழுதின் தடத்தைக் கையால் தடவிப் பார்க்கலாம்.

இப்போது அந்தப் பழைய வாதத்துக்கு, பௌத்தத் துறவி நாகசேனரிடம் போவோம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு கிரேக்க மன்னர் மெனாண்டருடன் அவர் நடத்தியதாகச் சொல்லப்படும் உரையாடல் பாலி மொழியில் ‘மிலிந்த பன்ஹா’ என்ற நூலாக உள்ளது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று கேட்டுக்கொண்டே போகிறார் துறவி. இல்லை என்கிறார் மன்னர். எல்லாம் சேர்ந்ததா? இல்லை. இவற்றுக்கு வெளியே ஏதாவதா? அதுவும் இல்லை. அப்படியானால் தேர் என்பது பாகங்களைச் சார்ந்து வழங்கும் பெயரே, அதுபோல நாகசேனர் என்பதும் பெயரே என்று வாதம் முடிகிறது. கூர்மையான வாதம்தான். ஆனால் ‘எல்லாம் சேர்ந்ததா’ என்ற கேள்வியை இருவரும் வேகமாகக் கடந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். எப்படிச் சேர்ந்தது என்று அங்கே கேட்டிருக்க வேண்டும். மேசைமேல் குவித்த உதிரிபாகங்களும் ஓடும் இன்ஜினும் ஒரே பாகங்கள்தாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெயரளவில் என்றால், பெயரை மாற்றினால் பாயிண்ட் கருகாமல் இருக்க வேண்டும். கருகத்தான் செய்கிறது. நம் வழக்குக்கு வளையாத ஒன்றை வெறும் வழக்கு என்று சொல்ல முடியாது.

பௌத்தர் இதற்கு மறுமொழி வைத்திருக்கிறார். எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தே தோன்றுகின்றன என்பதுதானே எங்கள் கொள்கை, நீங்கள் அதைத்தானே சொல்கிறீர்கள் என்பார். பாதி உண்மை. காயிலின் நன்மை காயிலுக்குள் இல்லை என்பதில் அவரோடு முழுதும் உடன்படுகிறேன். சார்ந்திருப்பதால் அசலானதல்ல என்று அவர் எடுக்கும் அடுத்த அடியில்தான் பிரிகிறேன். எதிர்த்திசையிலிருந்து வைசேடிகர், முழுமை என்பது பாகங்களில் ஒன்றித்து நிற்கும் தனிப்பொருள் என்பார். அப்படியானால் அது ஒவ்வொரு பாகத்திலும் முழுதாக இருக்கிறதா, துண்டு துண்டாகவா என்று பௌத்தர் கேட்ட கேள்வி அவரை இன்னும் விடவில்லை. பொருத்தத்தைப் பொருளாக்காமல் உறவாகவே வைத்தால் அந்தச் சிக்கல் எழாது. மூன்று ஓம் என்பது மேசைமேலும் மூன்று ஓம்தானே, குணம் பொருளிலேயே இல்லையா என்றும் கேட்கலாம். அளவு பொருளில் உண்டு. அது போதுமா, மிகையா என்பதை மேசைமேல் எந்த மீட்டரும் காட்டாது.

சைவ சித்தாந்தியின் மறுப்புதான் கனமானது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதரையும் பௌத்தரையும் வரிசையாக மறுத்தவர். மண்ணும் திரிகையும் இருந்தும் குயவன் இல்லாமல் குடம் ஆகாது என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. பொருத்தம் தானாக வராது, பொருத்துகிறவன் வேண்டும். காரைப் பொறுத்தவரை இதை மறுக்க வழியில்லை. காயிலைச் சுற்றியவரும் டிஸ்ட்ரிபியூட்டரை வடித்தவரும் ஒருவரையொருவர் கணக்கில் கொண்டே செய்தார்கள். ஆனால் பொருத்தம் எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி, வந்த பின் அது உள்ளதா என்பது வேறு கேள்வி. மெக்கானிக் வீட்டுக்குப் போன பிறகும் இன்ஜின் ஓடுகிறது. மறுபக்கம், மணிமேகலையில் வரும் பூதவாதி, பூவும் வெல்லக்கட்டியும் கூடக் கள்ளின் வெறி பிறப்பதுபோல் பூதங்கள் கூடி உணர்வு பிறக்கிறது என்கிறான். என் வாதத்தை அவன் தனக்குச் சாதகமாக இழுக்கப் பார்ப்பான். அவனுக்கு அதைத் தர மாட்டேன். பிளக்கின் பொறியை நாம் பார்க்கிறோம், பொறி தன்னைப் பார்ப்பதில்லை. உணர்வு தன்னை அறிகிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ இந்தச் சான்று போதாது; உயிர் பற்றிய தீர்ப்பைக் காரை வைத்து எழுத முடியாது.

ஆனால் முழுமை பெயரளவில்தான் என்ற முடிவை மறுக்க இது போதும். தேரைப் பற்றி நாகசேனர் கேட்ட கேள்விகள் சரி, சொன்ன தீர்ப்பு சரியில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காயிலைக் குப்பையில் எறியுமுன் மீட்டர் வைத்து அதன் ஓம் எவ்வளவு என்று பாருங்கள். வண்டியில் ரெசிஸ்டர் இருக்கிறதா, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டா எலக்ட்ரானிக்கா என்றும் பாருங்கள். நல்லதா கெட்டதா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.